மூவாண்டன் மரத்தடிக் கோர்ட்

முதலமடையில் எங்கள் மாந்தோப்பில், மூவாண்டன் ரக மாமரத்தடியில் ஒரு கோர்ட் நடந்தது. நீதிபதி நான், வயது எட்டு. அப்பாவின் சபரிமலைக் கறுப்பு வேட்டி அங்கி, கவிழ்த்த மாங்காய்க் கூடை ஆசனம், மோட்டார் ரூம் ஜெயில். இன்று என் வீட்டில் டீவி ரிமோட்டைக்கூட என் சொல்லுக்கு யாரும் தருவதில்லை. மாங்காய்ப் பால் வாசம் வந்தால் மட்டும் இழந்த பதவி ஞாபகம் வரும்.

விளையாட்டுக்குக் காரணம் ஒரு கொலை. குத்தகைத் தகராறில், இருட்டில், பக்கத்துத் தோப்புக்காரர் வெட்டுப்பட்டு இறந்தார். அப்பா, சித்தப்பா, தோப்பு ஆட்கள் மூவர் என ஐந்து பேர்மேல் வழக்கு. சரணடைவதற்கு முந்தின நாள் வக்கீல் தோப்புக்கு வந்தார். நான் காப்பித் தூக்கோடு நின்றேன். ஜாமீன் மனுவில் எல்லோரையும் ஒன்றாகப் பார்க்கமாட்டார்கள், கூட நின்றவர்களுக்குச் சீக்கிரம் கிடைக்கும், அரிவாள் பிடித்தவருக்கு லேசில் கிடைக்காது என்றார். பிறகு சித்தப்பாதான் வாயைத் திறந்தார்.

"அருவா எங் கையில இருந்துச்சுன்னே சொல்லிப்போடலாமுங்க. அண்ணனுக்குப் பொண்டு புள்ளைங்க இருக்குது. எனக்கென்ன, ஒண்டிக்கட்டை."

அப்பா காப்பியைக் குடிக்காமலே தம்ளரைத் திருப்பித் தந்தார். சர்க்கரை குறைவு போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஜாமீன் கிடைத்து நான்கு பேர் வீடு திரும்பினார்கள். சித்தப்பா வரவில்லை. என் கோர்ட்டிலும் அதே சட்டம்தான். கையில் குச்சி வைத்திருந்த பையன் மோட்டார் ரூமுக்கு. சும்மா நின்றவர்களுக்கு மாம்பழம். மாமா பையன் அழுதுகொண்டே உள்ளே போவான். எனக்கு மனம் இளகியதே இல்லை.

அடுத்த மாங்காய்ப் பருவத்தில்தான் சித்தப்பாவுக்கு ஜாமீன் கிடைத்தது. ஆள் பாதியாகியிருந்தார். மரத்தடிக்கு வந்து கைகட்டி நின்றார்.

"ஏனுங்க ஜட்ஜம்மா, நமக்கு ஜாமியம் கெடைக்குமுங்களா?"

"அருவா புடிச்சவங்களுக்குக் கெடையாது. கூட நின்னவங்களுக்குத்தான்."

சித்தப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அம்மிணி சட்டத்தைக் கரைச்சுக் குடிச்சிருக்குது" என்று சொல்லிவிட்டு மோட்டார் ரூமை நோக்கி நடந்தார்.

பக்கத்தில் மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்த அப்பா கத்தியைக் கீழே வைத்தார். எழுந்து போய்ச் சித்தப்பாவை வாசலிலேயே நிறுத்தி, தான் உள்ளே நுழைந்து தரையில் உட்கார்ந்தார்.

உங்களுக்குத்தான் அப்போதே ஜாமீன் கொடுத்தாயிற்றே, வெளியே வாங்க என்று கையைப் பிடித்து இழுத்தேன். அப்பா அசையவில்லை. கோர்ட் உத்தரவை மீறுகிறாரே என்று எனக்கு ஒரே கோபம். அம்மாவிடம் புகார் சொல்ல ஓடினேன்.