மாட்டு டாக்குத்தரும் வாடி நாயும்

நாய் வளர்க்கும் வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வாகரையில் ஒரு மீன்வாடியில் கூலிக்கு இருந்தேன். அங்கிருந்த நாய் பரம சாது. திடீரென்று அது தலையைத் தொட்டாலே சீறத் தொடங்கியது. அப்போது மாடுகளுக்கு ஊசி போட அரசாங்க டாக்குத்தர் வந்திருந்தார்.

"அவரிட்டக் காட்டுவமா அண்ண?" என்று உடன் வேலை செய்த கந்தையா அண்ணனிடம் கேட்டேன்.

"மாட்டு டாக்குத்தர் நாயைப் பாப்பாரோ? உனக்குத்தான் மனே விசர்!" என்று அவர் என்னைப் பைத்தியமாக்கினார்.

விசக்கடிக்கு வைத்தியம் செய்யும் ஊர்ப் பரிசாரி ஓதிக் கொடுத்த தண்ணீரை அண்ணனே நாயின் வாயில் ஊற்றப் போனார். அது கையைக் கடித்துவிட்டது. எல்லோருமாக அதை அடித்துக் கொன்று பக்கத்துக் களப்பு நீரில் எறிந்தோம். பிறகுதான் டாக்குத்தரிடம் ஓடினேன்.

"நாயையும் நான்தான் பாக்கிற. கட்டி வைச்சிருந்தா வாய்ப்புண்ணோ விசர் நோயோ எண்டு பாத்திருப்பன். தலையாவது இருந்தா சோதிக்கலாம்."

தேடினோம். நீரோட்டம் கொண்டுபோய்விட்டது.

அண்ணனுக்கு ஆஸ்பத்திரியில் வயிற்றைச் சுற்றி ஊசி போட்டார்கள். இப்போது எந்த ஊருக்கு வேலைக்குப் போனாலும் மாட்டு டாக்குத்தர் எங்கே இருக்கிறார் என்று முதலில் விசாரித்துக்கொள்கிறேன். ஊசி போட்டதால் அண்ணனுக்கு இதுவரை ஒன்றுமில்லை. நாய்க்கடி விசர் ஏறினால் தொண்டையில் தண்ணீர் இறங்காது என்பார்கள். அதனால் அவர் தினமும் விடிந்ததும் ஒரு மிடறு குடித்துப் பார்க்கிறார்.