சலோமியின் பெயரை நான் கெடுத்த வருஷம்

பிரியமானவர்களே, சலோமி சம்மதித்தபடியால்தான் இன்று சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறேன். அவளும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள்.

ஜோகுபாளையத்தில் நான் கொக்கி ஊசியால் லேஸ் பின்னிப் பிழைப்பவள் என்று உங்களுக்குத் தெரியும். பெங்களூர் கன்டோன்மென்ட்டின் வெள்ளைக்காரத் துரைசானிமார் வீடுகளுக்கு மேசை விரிப்பும் குழந்தைக் குல்லாவும் கொண்டுபோய் விற்பேன். என்னைவிட நன்றாகப் பின்னுகிறவள் இல்லை என்று நினைத்திருந்தேன். அப்போதுதான் சலோமி கைக்குழந்தையோடு எங்கள் தெருவுக்கு வந்தாள். கோலார் சுரங்கத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள். அவளும் லேஸ் பின்னினாள். அவள் பின்னும் ரோஜா இதழ்கள் நிஜமாகவே விரிந்ததுபோல இருக்கும். ஒருநாள் அவளுடைய குல்லா ஒன்றை இரவல் வாங்கி வந்து, அதைப் பார்த்துப் பார்த்துப் பின்னிப் பிரித்தேன். எனக்கு வரவில்லை. கோயிலில் அவள் எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்தால் என் வாயில் பாட்டு வராது.

பிளேக் வந்த வருஷம் அது. ஜுரம் என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், சர்க்கார் ஆட்கள் வீட்டாரை ஊருக்கு வெளியே பிளேக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். எனக்கு வாடிக்கையான துரைசானி ஒருத்தி, சலோமியின் குல்லாவைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுபோல நீயும் பின்னக் கற்றுக்கொள்" என்றாள். என் வாய் என்னைக் கேட்காமலே பேசிவிட்டது.

"அம்மா, அந்தப் பொண்ணு வீட்ல ரெண்டு நாளா ஜுரம்னு பேசிக்கிறாங்க."

துரைசானி குல்லாவைக் கீழே போட்டாள். வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கமாட்டேன்.

துரைசானி தகவல் கொடுத்துவிட்டாள். மறுநாள் காலையில் வண்டியோடு ஆட்கள் வந்தார்கள். சலோமி பின்னி வைத்திருந்ததையெல்லாம் தெருவில் குவித்துக் கொளுத்தினார்கள். அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு கெஞ்சினாள்.

"வெறும் சளிதாங்கய்யா." பிறகு என்னைப் பார்த்தாள். "ரூத்தக்கா, நீங்க சொல்லுங்க. நேத்து பாப்பா வெளையாடினத நீங்களே பாத்தீங்கல்ல?"

நான் வாய் திறக்கவில்லை. இருவரையும் ஏற்றிக்கொண்டு வண்டி போய்விட்டது.

நோய் இல்லாமல் போனவர்களும் அந்தக் கொட்டகையில் நோய் தொற்றிச் செத்தார்கள். இரண்டு நாள் என்னால் ஊசியைத் தொட முடியவில்லை. கடைசியில் என் புருஷனிடம் சொல்லிவிட்டேன்.

"யார்கிட்ட சொன்னியோ அவங்ககிட்டயே போய் பொய்யின்னு சொல்லு" என்றார்.

அடுப்படியில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, அந்த நோய் யாருக்காவது வரவேண்டுமானால் எனக்கு வரட்டும். அந்த இரண்டு உயிரையும் திருப்பித் தாரும்" என்று அழுதேன். அதுவரை நான் அவளுக்காக ஒருமுறைகூட ஜெபித்ததில்லை.

அன்றே போய்த் துரைசானியிடம் உண்மையைச் சொன்னேன். இனி என் வாசலை மிதிக்காதே என்றாள். ஆனால் நான் படியிறங்குமுன்னே அவர்களை விட்டுவிடச் சொல்லி டாக்டருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். அந்த மனதை ஆண்டவர்தான் அசைத்தார் என்று நம்புகிறேன்.

மூன்றாம் நாள் சலோமி குழந்தையோடு நடந்து வந்தாள். கொட்டகையில் தட்டிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த இருவர் இறந்துபோனார்களாம். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. நான் அவள் வாசலிலேயே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பாப்பாவுக்குப் பசிக்குதுக்கா. சோறு இருந்தா குடுங்க. மத்தத இப்ப என்னால பேச முடியாது."

சோறு கொடுத்தேன். அதற்குப்பின் பல மாதம் அவள் என்னோடு பேசவில்லை. நான் தினமும் அவள் பேரைச் சொல்லி ஜெபித்தேன். லெந்து உபவாச நாட்களில் ஒரு ஞாயிறு, கோயிலில் வேறு இடம் இருந்தும் என் பாயில் வந்து உட்கார்ந்தாள். இப்போது ஒரே கூரையின்கீழ் பின்னுகிறோம். அந்த ரோஜாவை எனக்குக் கற்றுத் தந்தவள் அவள்தான்.

பொறாமை அடியோடு போய்விட்டது என்று சொன்னால் மறுபடியும் பொய் சொன்னவளாவேன். போன வாரம்கூட ஒருத்தி அவள் வேலையை மட்டும் புகழ்ந்தாள், எனக்குச் சுருக்கென்றது. ஊசியைக் கீழே வைத்து ஜெபித்தேன். ஆண்டவர் செவிகொடுத்தார். உங்களில் யாருக்காவது ஒருவருடைய பெயரைக் கேட்டாலே நெஞ்சு கசக்கிறதா? அதை வேறு யாரிடமும் சொல்லுமுன் அவரிடம் சொல்லுங்கள். என்னைப்போலத் தாமதிக்காதீர்கள்.