ரோல் தீர்ந்துபோச்சு

போன மாதம் தேனியில் ஒரு புகைப்படப் போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். தலை நரைத்திருக்கிறது, வீட்டில் ஒரு பழைய கேமரா இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சோலி எதுவும் கிடையாது. இந்த மூன்றைத் தவிர எனக்கு வேறு தகுதி இருப்பதாகத் தெரியவில்லை. கல்யாண மண்டபத்தின் ஏசி அறையில் சுவர் முழுக்கப் படங்களை மாட்டி வைத்திருந்தார்கள். ஒரு கிழவியின் முகம். சுருக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். அடுத்ததும் கிழவிதான், கொஞ்சம் கூடுதல் சுருக்கம். பீடி குடிக்கிற பெரியவர். சுமை தூக்குகிற பெண். பின்னால் எப்போதும் மூடுபனி. எந்தப் படத்திலும் ஒருத்தர்கூட நம்மைப் பார்க்கவில்லை. பஸ்சு வருகிறதா என்று பார்ப்பதுபோல எல்லோரும் எங்கோ தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் பரிசுக்கு எல்லோரும் பரிந்துரைத்த படத்துக்குச் சொந்தக்காரர் பக்கத்திலேயே நின்றார். "இந்த அம்மா பேரு என்ன தம்பி?" என்று கேட்டேன்.

"தெரியாது சார். குரங்கணி போற வழியில எடுத்தேன். அவங்களுக்கே தெரியாம எடுத்தது" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு பெருமை.

எனக்கு நல்ல வசவாக நாலு வாயில் வந்தது. விழுங்கிவிட்டேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் அதே பெருமையோடு அதே இடத்தில் நின்றவன் நான்தானே. மண்டபத்தில் கொடுத்த பாயசத்தில் ஏலக்காயை வேறு அள்ளிப் போட்டிருந்தார்கள். கையில் வாங்கிய டம்ளரை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

ஏலக்காய் வாசம் நல்ல வாசம் என்பதெல்லாம் அதை வருஷத்தில் நாலு தரம் மோந்து பார்க்கிறவர்கள் சொல்வது. எழுபதுகளின் கடைசியில் போடியில் ஒரு தோட்ட முதலாளியின் ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்தேன். ஒரே மாதத்தில் சட்டை, தலையணை, சாப்பாட்டுத் தூக்கு எல்லாம் அந்த வாசம்தான். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் "பாயசமாண்ணே?" என்று கேட்பார்கள். வாரம் ஒரு நாள் ஜீப்பில் மேலே தோட்டத்துக்குப் போய், ஸ்டோரில் உலர்த்தி வைத்த காயை மூட்டை எண்ணி லோடு ஏற்றிக்கொண்டு சாயங்காலத்துக்குள் இறங்க வேண்டும். இதுதான் என் உத்தியோகம்.

அந்தச் சமயத்தில்தான் என் அக்கா வீட்டுக்காரர், மச்சான், கப்பல் வேலையிலிருந்து லீவில் வந்தபோது ஒரு ஜப்பான் கேமராவைக் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கு அதில் படம் எடுக்க வரவில்லை. எனக்கும் வரவில்லை என்பது முதல் மூன்று ரோலிலேயே தெரிந்துவிட்டது. அக்கா பிள்ளைகள் எல்லோருக்கும் கழுத்துவரைக்கும் அருமையாக விழுந்திருந்தது. எங்கள் ஊர் சிலமலையில் நிலக்கடலைக் காட்டில் நின்றிருந்த அப்பாவை எடுக்கப் போனேன். அவர் களைக்கொத்தைக் கீழே போடாமலே கேட்டார்: "இதுல என்னடா வெளையும்?"

அவருக்குப் பதில் சொல்லத்தான் நான் மதுரையில் ஒரு புகைப்படச் சங்கத்தில் சேர்ந்தேன் என்று நினைக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை ரயிலைப் பிடித்து, கரித்தூள் விழுந்த கண்ணைக் கசக்கிக்கொண்டே போவேன். சங்கத்தின் செயலாளர் ஒரு பேங்கு அதிகாரி. சஃபாரி சூட்டு போட்டிருப்பார். நாங்கள் கொண்டுபோகும் படங்களை வாழைப்பழத்தில் அழுகல் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "ஆளு கேமராவைப் பாத்துட்டா படம் செத்துப்போச்சு சார்" என்பார். நேராக நிற்க வைத்து எடுப்பது ஸ்டூடியோக்காரன் வேலை, கலைஞன் வேலை இல்லை என்பார். நான் இதையெல்லாம் வேதம்போல நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு போடியில் யாரைப் பார்த்தாலும் "என்னைப் பாக்காதீங்க, அங்கிட்டுப் பாருங்க" என்று விரட்டிக்கொண்டு திரிந்தேன். சந்தையில் ஒரு வெற்றிலைக்காரி, "பாக்கக் கூடாதுன்னா எதுக்கப்பு மூஞ்சிக்கு நேரா வந்து நிக்கிற?" என்று கேட்டாள். அவளுக்குக் கலை தெரியாது என்று எனக்கு அப்போது ஒரே இரக்கம்.

அந்த வருஷம் ஐப்பசியில் ஒருநாள் காலையில் தோட்டத்துக்குப் போனேன். விடிய விடிய மழை பெய்து விட்டிருந்தது. ஏலக்காய் செடியின் தூரில், தரையை ஒட்டித்தான் காய்க்கும். பெண்கள் நாள் முழுக்கக் குனிந்தோ குத்தவைத்தோதான் எடுக்க வேண்டும். பெரிய நிழல் மரங்களுக்கு நடுவே வெயில் கம்பி கம்பியாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் பேச்சியக்கா தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக் குனிந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும் அவருக்கு. மூன்று படம் எடுத்தேன். மூன்றாவதை எடுக்கும்போது அவர் வீட்டுக்காரர் முத்தையா காலிச் சாக்கோடு இடதுபக்கம் வந்து நின்று, கேமராவை நேராகப் பார்த்துச் சிரித்துத் தொலைத்தார். படத்தைக் கெடுத்துவிட்டானே மனுஷன் என்று பல்லைக் கடித்தேன்.

முத்தையா அண்ணன் ஸ்டோரில் காய் உலர்த்துகிற அடுப்புக்கு விறகு போடுகிறவர். அதிகம் பேசமாட்டார். நான் போகும்போதெல்லாம் வரக்காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போவார். அன்று மூட்டையெல்லாம் ஏற்றி முடித்த பிறகு, இரண்டு பேரும் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து இறங்கி வந்தார்கள். அவர் தலையை நனைத்துப் படிய வாரியிருந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை. பேச்சியக்கா தலையில் டிசம்பர் பூ.

"தம்பி, எங்க ரெண்டு பேரையும் சேத்து ஒரு போட்டா எடுத்துக் குடுங்க. கல்யாணத்துக்குக்கூட எடுக்கல" என்றார் பேச்சியக்கா.

முத்தையா அண்ணன் அதற்குள் ஸ்டோர்ச் சுவரை ஒட்டி விறைப்பாக நின்றுவிட்டார், இரண்டு கையையும் தொடையோடு ஒட்டவைத்துக்கொண்டு. சங்கத்துச் செயலாளர் என் காதில் சிரித்தார். "ரோல் தீந்துபோச்சுண்ணே. அடுத்த வாட்டி பாப்போம்" என்றேன்.

ரோலில் இன்னும் எட்டு படம் பாக்கி இருந்தது.

"அதுக்கென்ன தம்பி" என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் மேலே ஏறினார்கள். டிரைவர் வண்டியைக் கிளப்பினான். அந்த நேரம் பார்த்து எதிர்மலைச் சரிவில் மேகம் இறங்கியது. ஜீப்பு படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு எட்டையும் மேகத்துக்கே செலவழித்தேன். அதில் ஒன்றுகூடத் தேறவில்லை. வெள்ளையாக ஏதோ கொட்டிக் கிடந்ததுபோல இருந்தது.

மூன்றாவது படம்தான் மூன்றிலும் நன்றாக வந்திருந்தது. இடதுபக்கம் முத்தையாவை வெட்டி எறிந்துவிட்டு, பேச்சியக்காவை மட்டும் பெரிதாகப் போட்டேன். அதற்கு 'உழைப்பின் ஒளி' என்று பெயர் வைத்தேன். இப்போது எழுதும்போதே கூசுகிறது. தை மாதம் சங்கத்துப் போட்டியில் முதல் பரிசு. செயலாளர் எல்லோர் முன்னாலும் என் தோளில் கைபோட்டு, "அந்தப் பொம்பளைக்கு நீங்க இருந்ததே தெரியாது, அதான் சார் கலை" என்றார். சான்றிதழைச் சட்டம்போட்டு ஆபீசில் என் மேசைக்கு மேல் மாட்டினேன். பேச்சியக்காவிடம் சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. மலையை எடுத்தால் மலையிடமா போய்ச் சொல்கிறோம்?

ஆனி மாதக் காற்றில் ஒரு நிழல் மரம் முறிந்து விழுந்தது. அடியில் முத்தையா அண்ணன். ஜீப்பில் தூக்கிப் போட்டுக் கீழே கொண்டுவருவதற்குள், பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பேச்சியக்கா தன் தம்பியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். எனக்கு எதிரே நின்றார். என் தலைக்கு மேல் அவர் உழைப்புக்கு நான் வாங்கிய சான்றிதழ்.

"தம்பி, நீங்க அங்கன வந்து எம்புட்டோ படம் எடுத்தீகளே. அதுல எங்கயாச்சும் அவுக இருக்காகளா? ஓரமா நின்னாலும் போதும். வீட்டுல வைக்க ஒண்ணும் இல்ல."

"பாக்கறேன்க்கா" என்றேன்.

தேரடிப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருந்த செல்வராஜ் அண்ணன்தான் என் ரோல்களைக் கழுவித் தருகிறவர். சங்கத்தில் சேர்ந்த பிறகு நான் அவரை ஒரு மனிதராகவே மதித்ததில்லை. அவர் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முத்தையாவின் முகம் மிளகு அளவுக்கு இருந்தது. பெரிதாக்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, "மூஞ்சி பூரா ரவையைக் கொட்டுன மாதிரி இருக்கே" என்றார். பிறகு வழக்கம்போல, "மீசையத் தீட்டி, கோட்டு போட்டு, டை கட்டிருவமா?" என்று கேட்டார். ஆயுசு முழுக்கத் துண்டோடு திரிந்தவர்கள் செத்த பிறகு கோட்டுப் போட்டுக்கொள்வது அப்போது போடியில் சகஜம். வேண்டாம் என்றேன். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆளு நல்லாத்தான் சிரிச்சிருக்கான். இவனை ஏன் வெட்டுன?" என்றார். நான் சுவரில் மாட்டியிருந்த கல்யாண ஜோடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமை படத்தை மேலே கொண்டுபோனேன். பேச்சியக்கா முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது வேலைக்குப் போடுற சட்டை. அன்னைக்கு நல்ல சட்டை போட்டு வந்தாகல்ல, அது இல்லையா தம்பி?"

இன்னொரு பொய் தயாராகத்தான் இருந்தது. ஏனோ சொல்ல வரவில்லை. "அன்னைக்கு ரோல் இருந்துச்சுக்கா. நான்தான் எடுக்கல" என்றேன்.

"தெரியும்" என்றார். "ஜீப்பு கெளம்புறப்ப நீங்க மேகத்தப் போட்டா புடிச்சீக. மேல நின்னு பாத்துட்டுத்தான் இருந்தோம். 'நம்மளவிட மேகம் நல்லா இருக்கும்போலடி'ன்னு சொல்லிச் சிரிச்சாக."

கோபமே இல்லாமல் சொன்னார். ஒரு அறை விட்டிருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும். படத்தை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, வரக்காப்பி போடட்டுமா என்று கேட்டார்.

அடுத்த வாரமே மனம் திருந்தி, தோட்டத்தில் எல்லோரையும் எடுத்துப் புண்ணியம் தேடிக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால், மூன்று மாதம் கேமராவைத் தொடவில்லை. சான்றிதழைக் கழற்றக்கூட வெட்கமாக இருந்தது. ஏன் என்று யாராவது கேட்பார்களே. பேச்சியக்காதான் ஜீப்பு டிரைவரிடம் சொல்லிவிட்டிருந்தார்: "போட்டா தம்பியக் கேமராவக் கொண்டாரச் சொல்லு."

போனேன். மகளோடு ஸ்டோர்ச் சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். கண்ணாடிச் சட்டம் போட்ட அந்த ரவை விழுந்த படத்தை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்திருந்தார்.

"எங்க மூணு பேரையும் எடுங்க" என்றார்.

"எங்கிட்டுப் பாக்கப் போறீங்கக்கா?" என்று பழைய பழக்கத்தில் கேட்டேன். ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இங்கனதான். உங்களத்தான் பாக்கணும்."

அவர் கண்ணை லென்ஸ் வழியாகப் பார்க்க என்னால் ஒரு நிமிஷம்கூட முடியவில்லை. நேராக நிற்கிற ஆளை நேராக எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எந்தச் சங்கத்திலும் யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தர் டிரான்சிஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு பெண் சுவர்க் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், அது ஓடாத கடிகாரம். ஒருத்தர் கண்ணாடி கடன் வாங்கிப் போட்டுக்கொண்டார். எப்படி நிற்கணும் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எண்பதுகள் முழுக்க, மேலே போகும்போதெல்லாம் அந்தச் சுவரில் வைத்து எடுத்துக்கொண்டே இருந்தேன். என் ஆயுசில் நான் எடுத்த உருப்படியான படங்கள் அவைதான். அதில் ஒரு பத்தைச் சங்கத்துக்குக் கொண்டுபோனேன். செயலாளர் ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு, "என்ன சார் இது, ரேஷன் கார்டுக்கா?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் மதியச் சாப்பாட்டுக்கு இருக்காமல் ரயிலேறிவிட்டேன். அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை.

ஸ்டோரை இடித்து, அந்த இடத்தில் விருந்தினர் விடுதி கட்டி ரொம்ப நாளாகிறது. லயம் காலி. பேச்சியக்கா மகளோடு திருப்பூர்ப் பக்கம் போனதாகச் சொன்னார்கள்; அங்கே போய் யாரைக் கேட்பது? படங்களை எல்லாம் எடுத்தவுடன் அவரவரிடம் கொடுத்துவிட்டேன். நெகட்டிவ்களை, யாராவது இன்னொரு பிரதி கேட்டால் போட்டுக் கொடுக்கச் சொல்லி, செல்வராஜ் அண்ணன் ஸ்டூடியோவிலேயே விட்டு வைத்திருந்தேன். அவர் காலமான பிறகு ஒருநாள் அங்கே போனேன். கடையை அவர் மகன் செல்போன் கடையாக மாற்றியிருந்தான். பழைய நெகட்டிவ் பெட்டிகள் எங்கே என்று கேட்டேன்.

"அதுல வெள்ளி இருக்கும்னு ஒரு ஆளு வந்து பூராத்தையும் எடுத்துட்டுப் போனாண்ணே. உருக்குனா வருமாம்."

முப்பது வருஷத்துப் போடி அந்தப் பெட்டிகளில் இருந்தது. கல்யாணம், காதுகுத்து, கோட்டுப் போட்ட செத்தவர்கள், மலையில் அந்தச் சுவரில் நின்ற அத்தனை பேரும்.

"எவ்வளவு தேறுச்சாம்?" என்றேன்.

"அட நீங்க வேற. ஒரு சோடிக் கொலுசுக்குக்கூடக் காணலையாம்" என்றான்.