கையைப் பிடித்தவள்

திருத்தணியிலிருந்து ஆம்புலன்ஸில் கிளம்பும்போதே நைனா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். நிமோனியா. இரைப்புக்கு நடுவே பேசினார்.

"மிஷின் மட்டும் வேணாம்மா. உங்கம்மா போனது அதுலதான்."

கொரோனா சமயத்தில் அம்மாவை வென்டிலேட்டரில் வைத்து, ஆறாம் நாள் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொடுத்தார்கள்.

"ஆங், வேணாம் நைனா" என்றேன்.

சென்னையில் டாக்டரம்மா கையெழுத்துக் கேட்டார். "அப்போ மாதிரி இல்லீங்க. இப்ப நெறைய பேர் பொழைச்சி நடந்து வூட்டுக்குப் போறாங்க. மிஷின் இல்லாம இவரு தாங்க மாட்டாரு."

போட்டேன்.

முன்பெல்லாம் இப்படிப்பட்டவர்களை நாள்கணக்கில் தூங்கவே வைத்திருப்பார்களாம். இப்போது தினமும் காலையில் மயக்க மருந்தைக் குறைத்து, தானாக மூச்சு விடுகிறாரா என்று பார்க்கிறார்கள். மூன்றாம் நாள் நான் உள்ளே போயிருந்தபோது நைனா கண் விழித்தார். விழித்ததும் வாயிலிருந்த குழாயைப் பிடுங்கப் போனார்.

"அந்தக் கையப் பிடிங்கம்மா!" என்று நர்ஸ் கத்தினாள்.

பிடித்தேன். முப்பது வருஷம் பள்ளிப்பட்டு பஸ் ஓட்டிய கை. என் பிடிக்குள் அடங்கிவிட்டது. அவள் துணிப்பட்டையால் அதைக் கட்டிலோடு கட்டினாள். கட்டி முடிக்கும்வரை நைனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினோராம் நாள் குழாயை எடுத்தார்கள். "ஜெயிச்சிட்டாரு உங்கப்பா" என்று டாக்டரம்மா என் தோளைத் தட்டினார். நான் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

வீட்டுக்கு வந்த அன்று கஞ்சியோடு போனேன். நைனா சுவரோடு ஒண்டிக்கொண்டார். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "மாப்ள, இவள அனுப்பிடுங்க. என்னைக் கட்டிப்போட்டு தண்ணியில முக்கினவ இவதான்" என்றார்.

ஐசியூவில் இருந்தவர்களுக்கு இப்படிக் குழப்பம் வருவதுண்டு, பெரும்பாலும் தெளிந்துவிடும் என்றார் டாக்டரம்மா. மற்ற குழப்பமெல்லாம் தெளிந்தது. தேதி சொல்கிறார், பேப்பர் படிக்கிறார். என்னைப் பார்த்தால் மட்டும் இரண்டு கையையும் போர்வைக்குள் ஒளித்துக்கொள்கிறார்.

"நான்தான் நைனா, உங்க பொண்ணு" என்று ஒருநாள் அவர் காலைப் பிடித்தேன்.

"தெரியும்" என்றார். "வேணாம்னு சொன்னேனே."

எட்டு மாதமாகிறது. என் வீட்டுக்காரர்தான் சோறு போடுகிறார். நான் சமைத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, நைனாவின் கண்ணில் படாமல் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன்.