பனிச்சரிவுக்கு ஒரு கேமரா பை

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஆடைகளைப் படமெடுத்துக் கொடுப்பது என் தொழில். சென்ற குளிர்காலத்தில் ஒரு கம்பெனி, தன் தெர்மல் உடைகளைக் காஷ்மீர் பனிமலையில் படமெடுக்கச் சொன்னது. பனிச்சறுக்குப் பலகையில் சறுக்கிக்கொண்டே கேமராவையும் நான் சுமக்க வேண்டும். அதற்காக வெள்ளையில் ஒன்று, சிவப்பில் ஒன்று என இரண்டு முதுகுப் பைகளை வரவழைத்து, கம்பெனியிலேயே மாட்டிப் பார்த்தேன்.

“வெள்ளையே இருக்கட்டுங்க. பனிக்குப் பொருத்தமா இருக்குமுங்க,” என்றார் மேனேஜர். எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. அதில் மூன்று லென்ஸ் வைக்கலாம்.

அங்கே தைத்துக்கொண்டிருந்த காஷ்மீர்க்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். லென்ஸ் அறைகளை அவர் பார்க்கவே இல்லை. இடுப்புப் பட்டையை மட்டும் இழுத்துப் பார்த்தார்.

“அக்கா, சிவப்பு எடு. இதுல சின்ன மண்வெட்டி வைக்கலாம்.”

“மண்வெட்டி எதுக்குங்க?”

“பனி சரிஞ்சா தோண்டணும். எங்க அண்ணன் பை வெள்ளை. நாங்க பக்கத்துலயே நின்னு தேடினோம், தெரியல. மே மாசம் பனி உருகின அப்புறம்தான் கிடைச்சான்.”

மேனேஜர் வெள்ளைப் பையை மறுபடி பெட்டியில் வைத்தார். நான் சிவப்புப் பையை எடுத்துக்கொண்டேன்; மண்வெட்டிக்காக ஒரு லென்ஸை வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

மலையில் மூன்றாம் நாள் காலை, பாதிச் சரிவில், காலுக்கடியில் பனி பொத்தென்று அமுங்கும் சத்தம் கேட்டது. வழிகாட்டி கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். ஒவ்வொருவராக, வாய் திறக்காமல், ஓரமாகவே இறங்கினோம். அடிவாரத்தில் சரிவை விட்டு விலகி நின்று திரும்பிப் பார்த்தபோது, நாங்கள் நின்ற இடம் முழுவதும் சரிந்து வந்துகொண்டிருந்தது. கேமராவை எடுக்க எனக்குக் கை வரவில்லை.