ரெண்டு டிபிக்கு மேல் எண்ணத் தெரியாத பெட்டி

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எது ஓடாவிட்டாலும் முதல் பழி ஹார்ட் டிஸ்க் மேல்தான். மும்பை மாட்டுங்காவில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பெஞ்சில் உட்கார்ந்தே இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது பீர் முகம்மது சங்கதிதான்.

பீர் முகம்மது தாராவியில் கல்யாண வீடியோ எடுப்பவர். அங்கே பலரையும் போல டிஸ்க்கைத் தனியாகவும், அதை உள்ளே வைத்து யூஎஸ்பியில் மாட்டுகிற கேஸ் பெட்டியைத் தனியாகவும் வாங்குவார். சேர்த்து வாங்கினால் விலை கூடுதல். பழைய கேஸ் கெட்டுப்போனதும் எங்கள் கடையில் வேறொன்று வாங்கிப் போனார். மறுநாள் கடை திறக்கும்போதே டிஸ்க் போட்ட கேஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"அக்கா, மாட்டுனா ஃபார்மேட் பண்ணவான்னு கேக்கு. உள்ள ஒரு நிக்காஹ் முழுசா கெடக்கு, வேற காப்பி இல்ல. இது போச்சுன்னா தாராவியில எவன் என்னைக் கூப்பிடுவான்?"

வாங்கி என் பெஞ்ச் கம்ப்யூட்டரின் யூஎஸ்பியில் மாட்டினேன். முதலாளி ராமநாதன் சார் எட்டிப் பார்த்தார்.

"கேஸ்ல லைட் எரியறதோல்லியோ? அப்போ அது நன்னாத்தான் இருக்கு. டிஸ்க்தான் போயிடுத்து. ஃபார்மேட் அடிச்சுட்டு, ரெகவரி போட்டு கிடைக்கறதை எடு."

எனக்குச் சுள்ளென்று வந்தது. வாசலில் விளக்கு எரிகிற வீட்டிலெல்லாம் சோறு கிடைக்குமா? திரையைப் பார்த்தேன். நாலு டிபி, அதாவது நாலு டெராபைட் டிஸ்க்கை, ஒன்றரை டிபிக்குச் சற்று மேல் என்று காட்டியது. அங்கேதான் பொறி தட்டியது.

"சார், நாம வித்த இந்தக் கேஸ் பழைய ஸ்டாக். ரெண்டு டிபிக்கு மேல இதுக்கு எண்ணத் தெரியாது. ரெண்டைத் தாண்டினா மறுபடி முதல்ல இருந்து எண்ணும். ஃபார்மேட்ல யாரும் கை வைக்காதீங்க, உள்ள இருக்கிறது அழிஞ்சிடும்."

"எந்த டிஸ்க்கும் ஓடும்னு சொல்லி இதை நான்தானே வித்தேன்" என்றார் சார். குரல் இறங்கியிருந்தது.

டிஸ்க்கைக் கழற்றி, பெஞ்ச் கம்ப்யூட்டரின் மதர்போர்டில் நேரடியாக மாட்டினேன். நாலு டிபியும் வந்தது. பீர் முகம்மது ஒரு ஃபைலைத் திறந்தார். மருதாணிக் கையை உயர்த்திக் காட்டி மணப்பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. இதைச் சொல்ல என்ன வெட்கம்?

பிரித்த கேஸைத் திரும்ப எடுக்கிற வழக்கம் எங்கள் கடையில் கிடையாது. அன்று சார் எடுத்துக்கொண்டு, பெரிய டிஸ்க் தாங்குகிற கேஸாகக் கொடுத்தார். ஷெல்ஃபில் மிச்சமிருந்த பழைய கேஸ்களில் எல்லாம் 'ரெண்டு டிபி வரை' என்று மார்க்கரால் தானே எழுதினார்.

கம்ப்யூட்டர் ஃபார்மேட் பண்ணவா என்று கேட்டால், அது கேள்விதான், உத்தரவு இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டிஸ்க்கை வேறு இடத்தில் மாட்டிப் பாருங்கள்.

அந்த மணப்பெண்ணுக்கு இப்போது ஒரு மகன் இருக்கிறான். அவனுக்குப் பெயர் வைத்த விசேஷத்துக்கும் வீடியோ எடுக்க பீர் முகம்மதுவைத்தான் கூப்பிட்டார்கள்.