வத்தல்மலைக்கு ஒரு பஸ், வருகைப் பதிவேட்டில் பதினோரு ரேகை

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை வத்தல்மலைக்குப் போய் வந்தேன். முப்பது வருடம் கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே ஏறிய மலை அது. இந்த முறை பஸ்ஸில் போனேன். அதைவிடப் பெரிய விசேஷம், பஸ் போர்டை நானே படித்து ஏறினேன்.

எனக்கு வயது அறுபத்தெட்டு. பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், ஓசூர்ப் பக்கத்துக் கம்பெனி ஒன்று மாலை வகுப்பு நடத்துகிறது. அங்கேதான் இரண்டு வருடத்துக்கு முன்பு எழுத்துக் கற்றேன். அதே கம்பெனி மலையில் பெண்களுக்கும் ஒரு வகுப்பு வைத்திருக்கிறது. ஆறு மாதம் எழுத்து, பிறகு தையல் பயிற்சி. ஆறு தையல் மிஷின்கள் வந்து உறையோடு காத்திருந்தன. இரண்டு வகுப்புக்கும் பவித்ரா டீச்சர்தான்.

அவர் போன் செய்தார். "ஐயா, வியாழக்கிழமை கம்பெனி மேடம் வர்றாங்க. மலை வகுப்புல முன்னேற்றம் இல்லைன்னு லெட்டர் வந்திருக்கு. நிறுத்திட்டு மிஷினையும் எடுத்துட்டுப் போயிடுவாங்க போல. நீங்க எழுத்துக் கத்துக்கிட்ட கதைய வந்து சொல்லுங்களேன்." அதற்கு முந்தின மாதம் அந்த மேடம் முதல் முறை வந்தபோது டீச்சர் தங்கை கல்யாணத்துக்கு லீவு. பெண்களெல்லாம் சாமை அறுப்புக்குப் போயிருந்தார்கள். பூட்டைத் திறந்து பார்த்துவிட்டுப் போய் எழுதிய லெட்டர் அது.

பாப்பாரப்பட்டியில் காலை 7.10க்குப் பஸ். பதினைந்து ரூபாய் டிக்கெட். 7.55க்குத் தர்மபுரி. பஸ் நிலையத்தில் இரண்டு இட்லி, ஒரு டீ, முப்பத்திரண்டு ரூபாய். மலைக்கு 8.40க்குக் கிளம்பும் பஸ்ஸில் இருபத்தைந்து ரூபாய். தூரமும் ஏறக்குறைய அதே இருபத்தைந்து கிலோமீட்டர்தான். இடது பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கிறது. நான் ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தேன்.

கண்டக்டர் சிரித்தார். "பெரியவரே, எண்ணி முடிச்சா பரிசு ஏதாச்சும் தர்றாங்களா?"

"படிக்கிறதே பரிசுதானுங்க," என்றேன். பத்தாவது வளைவுக்குப் பிறகு அவரும் சேர்ந்து சொல்ல ஆரம்பித்தார். வயிறு புரட்டுகிற ஆளாக இருந்தால் எண்ண வேண்டாம். ஒரு எலுமிச்சம்பழம் கொண்டு போங்கள்.

9.55க்கு இறங்கினேன். சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே காப்பிச் செடி, பலா மரத்தடியில் கோழிகள். சமுதாயக் கூடத்து வாசலில் காளியம்மா நின்றிருந்தாள். என்னிடம் கருவாடு வாங்கியவள். வாங்கும்போதெல்லாம் எடைக்கல்லைத் தூக்கிப் பார்ப்பாள்.

"வாங்க கருவாட்டண்ணா! கூடை எங்க?"

"பேனா கொண்டாந்திருக்கேன்."

"அதுல கொழம்பு வெக்க முடியாதே."

சிரித்தாளே தவிர, அவள் கண் உறை போட்ட மிஷின்கள் மேலேயே இருந்தது. மலையில் ஒரு ரவிக்கை தைக்க வேண்டுமென்றாலும் தர்மபுரிக்குத்தான் இறங்க வேண்டும். தைக்கக் கற்றால் ஓசூருக்குக் கட்டட வேலைக்குப் போகாமல் ஊரிலேயே இருக்கலாம் என்று நம்பியிருந்தாள். வகுப்பில் மற்ற பத்துப் பேருக்கும் அதே நம்பிக்கை.

பத்தரைக்கு மேடம் காரில் வந்தார். நல்ல பெண்தான், முப்பது வயதிருக்கும். வருகைப் பதிவேட்டைத் திறந்து டீச்சரிடம் காட்டினார். "ஆறு மாசமா பாருங்க. ஒரு கையெழுத்துகூட இல்ல. எல்லாமே கைரேகை. இத வெச்சு ஆபீஸ்ல நான் என்ன சொல்றது?"

டீச்சர் திகைத்துப் போனார். "மேடம், இவங்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்."

"அப்ப ஏன் போடல?"

காளியம்மா எழுந்தாள். "கையெழுத்த யாரு வேணாலும் போட்டுரலாமுங்க. என் ரேகைய வேற எவ போட முடியும்? ரேஷன் கடையில ரேகை, பேங்க்குல ரேகை. நீங்க இத்தன பெரிய மிஷினு குடுத்திருக்கீங்க. அதுக்கு ஒசத்தியானதத்தானே வெக்கணும்?"

மற்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு அது புரிந்தது. எழுத்துக் கற்ற பிறகும் பென்ஷன் ஆபீசில் நானே கட்டைவிரலை நீட்டியிருக்கிறேன். மேடம் பதிவேட்டை விரித்தபடியே மேசைமேல் வைத்தார். "நீங்க சொல்றத நம்புறேங்க. ஆனா ஆபீஸ்ல ஆதாரம் கேப்பாங்க. இன்னிக்கு எழுதிக் காட்டினாலும், நேத்துதான் கத்துக்கிட்டாங்கன்னு சொல்லுவாங்க."

பதிவேடு மேசைமேல் என் பக்கம் விரிந்து கிடந்தது. எழுத்தைக் கண்டால் படிக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை. முதல் பெயர் காளியம்மா. அடுத்தது மாரியம்மா. எனக்கு ஒரு பெயரைப் படிக்க நேரம் பிடிக்கும், ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டுதான் போவேன். ஐந்தாவது பெயரில் விரல் நின்றது.

"அம்மா, இந்தப் பேரெல்லாம் யாரு எழுதினது?"

"டீச்சர்தானே எழுதுவாங்க," என்றார் மேடம்.

"மொத மாசம் மட்டுந்தான் நான்," என்றார் டீச்சர். "அப்புறம் மாசம் பொறந்தா நோட்டு காளியம்மா வூட்டுக்குப் போயிட்டு வரும். அவங்க மக எழுதிக் குடுக்கறான்னு நெனச்சேன்."

"பதினோரு பேரும் பதினோரு கையிங்க," என்றேன். "ஒண்ணு கோணல், ஒண்ணு குண்டு. இந்த 'மா'வுக்குக் காலு ரோடு வரைக்கும் போகுது."

"அது நாந்தான்!" என்று மாரியம்மா பின்னாலிருந்து கத்தினாள்.

நோட்டு வீடு வீடாகப் போயிருக்கிறது. ஒவ்வொருத்தியும் தன் பெயரைத் தானே எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுத்திருக்கிறாள். அதைச் சொல்லிக்கொள்ள வெட்கம். மேடம் முதல் மாதத்துப் பக்கத்துக்குத் திருப்பினார். அங்கே டீச்சரின் அழகான எழுத்து. இரண்டாம் மாதத்தில் உடைந்த கோடுகள். மூன்றாம் மாதத்தில் நடுங்கும் எழுத்து. ஆறாம் மாதத்தில் நேராக நிற்கிற பெயர்கள். அவர் இந்த முறை மெதுவாகப் பார்த்தார். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்தார்.

"இதுக்கு மேல ஆதாரம் வேண்டாம். திங்கக்கிழமை தையல் வாத்தியார் வருவார்," என்றார்.

யாரும் கைதட்டவில்லை. காளியம்மா ஸ்டாம்ப் பேடைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். "சொன்னத நோட்டுல எழுதி ஒரு ரேகை வெச்சிட்டுப் போங்க மேடம். கையெழுத்துன்னா யாரு வேணாலும் போட்டுரலாம்."

மேடம் சிரித்துக்கொண்டே விரலை அழுத்தினார். பிறகுதான் உறைகளைக் கழற்றினார்கள்.

திரும்பும் பஸ் மாலை 4.30க்கு. மதியச் சாப்பாட்டுக்குக் கடை எதுவும் என் கண்ணில் படவில்லை. எனக்குக் காளியம்மா வீட்டில் களியும் கீரையும் கிடைத்தது, நீங்கள் கட்டிக்கொண்டு போவது நல்லது. செல்போன் டவர் சரியாகக் கிடைப்பதில்லை. நான் சொன்ன கட்டணமும் நேரமும் நான் போன அன்று இருந்தவை. கிளம்பும் முன் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

ரவிக்கைத் துணி இருந்தால் எடுத்துப் போங்கள், அவர்களுக்குப் பழகத் துணி வேண்டும். அந்தக் கூடத்தில் வருகிறவர்களுக்கென்று இப்போது தனி நோட்டு வைத்திருக்கிறார்கள். கையெழுத்து மட்டும் போட்டால் காளியம்மா விடமாட்டாள். விரலைத் துடைக்க ஒரு பழைய துணியும் கொண்டு போங்கள்.